அட்டைக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

திங்கட்கிழமை காலை ஷிப்டில் மாத்திரை விழுங்கத் தயங்கியவள் ஒரே ஒருத்திதான். அந்த ஒருத்தியையும் வேதநாயகி விடவில்லை.

கடல்சுவர் முகாமின் மூன்றாம் வாசலில் பீரோ அளவுக்கு ஓர் இயந்திரம் நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் வரிசையாக வந்து தங்கள் உடல் அட்டையை அதன்மேல் வைப்பார்கள். அது முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளும், சாடை ஒத்துப்போனால் போதும். அட்டையில் பதிந்திருக்கும் ரத்த வகை, மரபணு, பழைய நோய் எல்லாவற்றையும் படிக்கும். பிறகு கிண்ணத்தில் ஒரு வெள்ளை மாத்திரையைப் போடும். சிலருக்குப் போடாது, சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அவர்கள் மாத்திரை இல்லாமலே உள்ளே போகலாம். அறுநூறு பேரில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அப்படி எரியும். மற்றவர்கள் வேதநாயகியின் கண்ணெதிரே விழுங்கி, தண்ணீர் குடித்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாக மலேரியா களப்பணியில் இருக்கிறவளுக்கு, மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளிக்கிறவன் எப்படி நிற்பான் என்பது அத்துப்படி.

"நாளைக்குப் போட்டுக்கிறேனே நர்ஸம்மா," என்றாள் அந்தப் பெண். முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தலையில் சும்மாடு. அட்டையில் பெயர் மகிழினி என்று இருந்தது.

"ஏன், இன்னிக்கு அமாவாசையா?"

"சின்ன வயசுல காய்ச்சலுக்கு என்னமோ மாத்திரை குடுத்தாங்க. உடம்பெல்லாம் மஞ்சளாயிடுச்சு."

"அது எந்த மாத்திரையோ. உனக்கு ஒத்துக்காதுன்னா அட்டையே சொல்லிடும். விளக்கு எரிஞ்சிதா? இல்லல்ல? இது ஒரே மாத்திரை, ஒரே தடவை. கொசு கடிச்சு உள்ள போன கிருமி, காய்ச்சல் விட்ட பிறகும் ஈரல்ல ஒளிஞ்சு தூங்கிட்டு இருக்கும். ஆறு மாசம் கழிச்சு எந்திரிக்கும். தூங்குறதை அப்படியே கொல்றதுக்குத்தான் இது."

பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஷிப்டு சங்கு ஊதிவிட்டால் வாசல் மூடிவிடும். பிந்துகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வேதநாயகி மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அவள் அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நாக்கைத் தூக்கினாள்.

"அவ்வளவுதான். இதுக்குப் போயி," என்று அவள் தோளைத் தட்டி அனுப்பினாள் வேதநாயகி.

கடல் உள்ளே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வேதாரண்யத்துக்குக் கிழக்கே இருந்த ஊர்களில் பாதி இப்போது பழைய வரைபடத்தில் மட்டும்தான் இருந்தன. மீதியைக் காக்கத்தான் இந்தச் சுவர். வீடு போனவர்களும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுமாக முகாமில் ஆயிரத்து எழுநூறு பேர். உப்புத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து தேங்கும் பள்ளங்களில் கொசு பெருகியது. மூன்று வருஷம் மாநிலத்தில் ஒருவர் ரத்தத்தில்கூட மலேரியா காணப்படவில்லையென்றால், மலேரியா ஒழிந்த மாநிலம் என்று சான்றிதழ் கிடைக்கும். அந்த மூன்று வருஷம் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி. ஓர் ஊரில் நிலையாக இருக்கிறவர்களிடம் நோய் போய்விட்டது. இடம் மாறிக்கொண்டே இருக்கிறவர்களின் ஈரலில்தான் மிச்சம் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் வாசல் நூற்றுக்கு நூறு என்று அன்று மாலை வேதநாயகி தகவல் அனுப்பினாள். அடுத்த திங்கட்கிழமை மற்ற இரண்டு வாசல்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை வேலைக்கு வராதவர்கள் பட்டியலில் மகிழினியின் பெயர் இருந்தது.

முகாமின் ஒன்பதாம் வரிசையில் அவளுடைய தகர வீடு. வெளியே ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று மண்ணில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தது. ஓவியா என்று பெயர் சொன்னது.

"அம்மா எங்க?"

"தூங்குது. யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிச்சு."

வேதநாயகி உள்ளே போனாள். மகிழினி தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து, ஓடி வந்தவளைப்போல மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் மஞ்சள். நகம் காகிதம்போல வெளுத்திருந்தது. மூலையில் ஒரு வாளி, அதன்மேல் தட்டு மூடியிருந்தது.

"அதைத் திறக்காதீங்க," என்றாள் அவள்.

வேதநாயகி திறந்தாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

 வேதநாயகி இதைப் பயிற்சி வகுப்பில் படத்தில் பார்த்திருக்கிறாள், நேரில் பார்த்ததில்லை. ரத்தத்தில் ஒரு சத்துக் குறைவோடு பிறக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மாத்திரை விஷம். சிவப்பணு எல்லாம் உடைந்து சிறுநீர் வழியாகப் போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சிவப்பு விளக்கு.

"உனக்கு ஒத்துக்கும்னு அட்டையில போட்டிருந்துச்சே!"

அவள் வாசல் பக்கம் பார்த்து, குழந்தைக்குக் கேட்காதபடி சொன்னாள். "அட்டைக்கு ஒத்துக்கும்மா. எனக்குத்தான் ஒத்துக்கல."

"என்ன சொல்ற?"

"மகிழினி எங்க அக்கா. ஓவியா அவ பொண்ணு. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோட போன இடத்துல இந்தக் காய்ச்சல்தான் வந்துச்சு. விடும், மறுபடி வரும். நாலாந் தடவை அவ எந்திரிக்கல. அங்கயே பொதச்சாச்சு. மாமா அதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"உன் அட்டை?"

"ஊர் முழுகினப்ப ஆள் கணக்கு எடுத்தாங்கல்ல, அப்ப நான் திருப்பூர்ல மில்லுல இருந்தேன். ஊர்ல இல்லாதவங்க பேரை எழுதல. திரும்பி வந்தா ஊரே இல்ல. எனக்கு அட்டையும் இல்ல. அட்டை இல்லாம இந்த வாசல்ல யார் விடுவா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. மெஷினு ஒண்ணும் சொல்லல."

"உன் பேரு?"

"நித்திலா," என்றாள். சொல்லிவிட்டு, தப்பு செய்தவளைப்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மஞ்சளான விஷயம் தெரிஞ்சும் ஏன்டி முழுங்கின?"

"நீங்கதான நின்னுட்டிருந்தீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வேதநாயகிக்கு உறைத்தது. "அதோட, அக்கா செத்ததே இதுலதான். கிருமி செத்தா நல்லதுதானேன்னு நினைச்சேன்."

ஆஸ்பத்திரி என்றதும் அவள் வேதநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"அங்க போனா கண்டுபிடிச்சிருவாங்க. அட்டையை எடுத்துருவாங்க. அட்டைப்படி நான் அவளுக்கு அம்மா. அது போச்சுன்னா நான் யாரும் இல்ல. பிள்ளைய ஹோம்ல கொண்டு போய் விட்டுருவாங்க. நான் படுத்துக் கெடந்தா சரியாயிடும் நர்ஸம்மா."

சரியாகாது என்று வேதநாயகிக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, முகாமின் பேட்டரி ஆட்டோவில் அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். பதினொரு கிலோமீட்டர். வழியெல்லாம் மண் லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் ஆட்டோ ஒதுங்கி நின்றது. நித்திலாவின் தலை அவள் தோளில் கிடந்தது. காதோரத்தில் மூச்சு சின்னச் சின்னதாகச் சுட்டது. கிருமியைக் கொல்லப் போய் இவளைக் கொன்றுவிட்டேனோ என்ற ஒரே நினைப்புத்தான் அந்தப் பதினொரு கிலோமீட்டரும்.

அரசு மருத்துவமனை வாசலில் அட்டையை வைத்ததும் திரை பச்சையாக ஒளிர்ந்தது. மகிழினி. வயது முப்பத்து நான்கு. ரத்தம் ஓ பாசிடிவ். படுக்கை ஒதுக்கியாகிவிட்டது, இரண்டு பை ரத்தம் கிளம்பிவிட்டது என்று அதுவே சொன்னது. வேதநாயகி ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சு விட்டாள். மறு நிமிஷம்தான் ஒன்று தோன்றியது. அக்காவுக்கு ஓ பாசிடிவ். தங்கைக்கும் அதேதானா?

ரத்த வங்கிக்கு ஓடினாள். ஷாகுல் அங்கே டெக்னீஷியன். பல வருஷப் பழக்கம். அந்தக் காலத்தில் அவள் கொண்டுவரும் கண்ணாடிச் சில்லுகளில் கிருமி பார்த்துச் சொன்னவன் அவன்தான்.

"ஷாகுல், அந்த ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி குரூப்பு பாரு."

"எதுக்குக்கா? அட்டையிலதான் இருக்கே. நாங்க பார்க்கிறதை நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சு."

"அட்டை இருக்கு. நீ ஆளைப் பாரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மேலே எதுவும் கேட்கவில்லை. அட்டைக்குப் பொருந்தாமல் முகாமிலிருந்து வருகிறவர்களை அவனும் எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

"பார்க்கலாம்க்கா. ஆனா குரூப்பு பார்க்கிற மருந்து பெட்டிக்குள்ள பூட்டியிருக்கு. இப்பல்லாம் ரத்தம் சோதிக்கிறது பிறந்த குழந்தைக்கு மட்டும்தான். அதுக்குத்தான் இன்னும் அட்டை இருக்காதே. குழந்தை பிறந்ததா கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் பெட்டி திறக்கும்."

"அப்ப போடு."

"அக்கா, விளையாடுறீங்களா?"

"அங்க ஒருத்தி மூச்சு விட முடியாம கெடக்குறா. நான் எதுக்குடா விளையாடுறேன்?"

அவன் தட்டினான். பெண் குழந்தை. தாயின் அட்டை எண் என்று கேட்டது. திரையில் ஏற்கெனவே திறந்திருந்த எண்ணையே போட்டான்: மகிழினி. பெட்டி 'கிளிக்' என்று திறந்தது.

நித்திலாவின் விரலிலிருந்து எடுத்த சொட்டைக் கண்ணாடியில் வைத்துக் கலக்கினான். ரத்தம் திரிதிரியாகத் திரண்டது. பி பாசிடிவ். ஓ ரத்தம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேதநாயகி கேட்டாள்.

"ஓ-ன்னா பரவால்லக்கா, பெரும்பாலும் யாருக்கும் தாங்கும். இதுவே அட்டைல ஏ-ன்னு இருந்திருந்தா?" அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

பெட்டியிலிருந்த ஒரு காகிதப் பட்டையில் அதே ரத்தத்தை வைத்தான். பச்சையாக மாற வேண்டிய பட்டை வெளிறியே கிடந்தது. சத்துக் குறைவு உறுதியானது. அவளுக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியல் குழந்தையின் பெயரில் பதிவானது. பி பாசிடிவ் ரத்தமும் அந்தக் குழந்தையின் பெயரிலேயே வெளியே வந்தது. டியூட்டி டாக்டர் பையிலிருந்த சீட்டையும் படுக்கையில் கிடந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாரு?" என்றார். வேதநாயகி வாய் திறப்பதற்குள் அவரே, "சரி, அப்புறம் சொல்லுங்க. முதல்ல ஏத்துங்க," என்றார்.

சாயங்காலம் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோது மாவட்ட மலேரியா அலுவலர் டாக்டர் மதுசூதனனுக்குப் போன் போட்டாள்.

"சார், மாத்திரை அட்டைக்குப் போவுது, ஆளுக்குப் போவல. முகாம்ல பலர் கிட்ட இருக்கிறது வேற ஆளோட அட்டை. திங்கட்கிழமை மத்த வாசலுக்குப் போடுறதை நிறுத்தணும்."

"எத்தனை பேர்?"

"தெரியாது சார்."

"பேராவது குடுங்க. எழுத்துல குடுத்தா நான் நிறுத்துறேன்."

"பேர் குடுத்தா அன்னிக்கே அவங்களை வெளிய தள்ளிருவாங்க."

"வேதநாயகி, பேரும் இல்ல, எண்ணிக்கையும் இல்ல. மேல நான் என்னன்னு சொல்வேன்? சான்றிதழ் குழு வர இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

"இன்னொண்ணும் இருக்கு சார். ஒரே அட்டையை ரெண்டு பேர் மாத்தி மாத்தி வச்சிருந்தா, அதுல 'போட்டாச்சு'ன்னு இருக்கும். ரெண்டாவது ஆளுக்கு மாத்திரையே விழாது. அவன் ஈரல்ல கிருமி அப்படியே தூங்கும். நாம நூத்துக்கு நூறுன்னு சொல்றது மனுஷங்களை இல்ல, அட்டைங்களை."

 "நீங்க எனக்குப் போன் பண்ணவே இல்ல," என்றார் டாக்டர் கடைசியில். "நீங்க என்ன செஞ்சாலும் எனக்குத் தெரியாது. புரியுதா?"

புரிந்தது.

மறுநாள் காலையிலிருந்து மூன்றாம் வாசல் ஆட்களின் வீடு வீடாக ஏறினாள். "யார் அட்டைன்னு கேக்க மாட்டேன். ஒண்ணுக்குப் போனா என்ன நிறம்னு மட்டும் சொல்லுங்க," என்றாள். ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மதியத்துக்குள் நான்கு பேர் ஒவ்வொருவராக அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். நித்திலா அளவுக்கு மோசமில்லை. அவர்களைப் படுக்கவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, காலையும் மாலையும் போய்ப் பார்த்தாள். நான்கு பேரும் தேறினார்கள்.

ஐந்தாவது ஆள் அறையில் இல்லை. ஒடிசாக்காரர்கள் எட்டுப் பேர் தங்கும் அறை அது.

"புதன்கிழமையே ரயில் ஏறிட்டான்," என்றான் அதிலிருந்த பெரியவன். "கண்ணு மஞ்சளா இருந்துச்சு. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கிறேன்னு சொன்னான்."

"அட்டை அவனோடதா?"

எட்டாவது பாயைப் பார்த்தபடி அவன் சொன்னான், "அண்ணனோடது."

போன் அணைந்து கிடந்தது. வேதநாயகி ரயில்வே உதவி எண்ணைக் கூப்பிட்டு, இந்த ரயிலில் இப்படி ஓர் ஆள், அவசரமாக இறக்கி ரத்தம் பாருங்கள் என்றாள். அட்டை எண் கேட்டார்கள், கொடுத்தாள். அரை நிமிஷத்தில் பதில் வந்தது: இவருக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும், கவலை வேண்டாம். அவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அட்டை சரியாக இருக்கிறது என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஷாகுலின் முன்னால் போய் நின்றாள்.

"ஆயிரத்து நூறு பேர் திங்கட்கிழமை முழுங்கப் போறாங்க. அந்தப் பட்டை எனக்கு வேணும்."

"ஒரு பட்டைக்கு ஒரு குழந்தை போடணும்க்கா. தாய் பேர் கேக்கும்."

"கண்டெடுத்த குழந்தைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல?"

ஷாகுல் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "என் வேலை போயிடும்."

"போவும். என்னோடதும் போவும்."

அவன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலிக்காரத் தாய் என்பது வேதநாயகிக்குத் தெரியும். வேறு வழி தெரிந்திருந்தால் அவனிடம் கேட்டிருக்கவே மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கம்ப்யூட்டரை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டான்.

சனியும் ஞாயிறும் முகாம் பால்வாடியில் உட்கார்ந்தாள். அட்டை வேண்டாம், பேர் வேண்டாம், விரலை மட்டும் நீட்டுங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னாள். முதல் இரண்டு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. விரலைக் குத்தினால் அது யாருடைய விரல் என்று தெரிந்துவிடும் என்று பயம். பிறகு ஒரு கிழிந்த லுங்கி வந்தது. அதன்பின் ஒரு தாயும் மகளும். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் இருநூற்றுப் பதின்மூன்று பேர். அட்டை தங்களுடையதாகவே இருந்தவர்கள் வர வேண்டிய அவசியம் இல்லை. அதனால் வந்த ஒவ்வொரு விரலும் ஒரு வாக்குமூலம்தான். பட்டையோடு பழைய வழக்கப்படி ஒரு கண்ணாடிச் சில்லிலும் ரத்தம் தடவி எடுத்தாள்.

பதினேழு பேருக்குப் பட்டை வெளிறியது. அவர்களுக்கு எட்டு வாரம், வாரம் ஒரு தடவை, சிறிய அளவு மருந்து. அப்படிக் கொடுத்தால் உடம்பு தாங்கும், கிருமி தாங்காது. திங்கட்கிழமை இயந்திரம் அவர்களுக்கும் மாத்திரையைப் போட்டது. அந்தப் பதினேழு பேரையும் வேதநாயகி நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை. உள்ளே போகும்போது அவர்கள் மாத்திரையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் சில்லுகளைப் பார்த்த ஷாகுல் வேறொன்றும் சொன்னான். ஏழு பேர் ரத்தத்தில் மலேரியா இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது விழித்துவிட்டது.

"எழுதவா, விடவா?" என்று கேட்டான். "எழுதினா மூணு வருஷக் கணக்கு போச்சு. மறுபடி முதல்லேர்ந்து."

இந்த ஏழு பேருக்கும் அவளே மருந்து கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷம் சேற்றில் நடந்ததும், கொசுப்புழு பிடித்ததும், வீட்டு வாசலில் திட்டு வாங்கியதும் அந்தச் சான்றிதழுக்காகத்தான். அவள் அந்த ஏழு சில்லுகளையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த ஏழு பேரைக் கடித்த கொசு வேறு யாரையெல்லாம் கடித்திருக்கும்? அதை யார் தேடிப் போவார்கள்?

"எழுது," என்றாள்.

தலைநகரில் ஒரு திரையில் அது இப்படித் தெரிந்தது: ஒரே மருத்துவமனையில் நான்கு நாளில் இருநூற்றுப் பதினான்கு குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். அதில் இருநூற்றுப் பதின்மூன்று குழந்தைகள் கண்டெடுக்கப்பட்டவர்கள். ஏழு குழந்தைகளுக்கு மலேரியா.

புதன்கிழமை மதியம் பிறப்புப் பதிவுத் துறையிலிருந்து எஸ்தர் என்ற அதிகாரி வந்து இறங்கினார். நாற்பது வயது, நறுக்கென்ற பேச்சு. வண்டியில் பால்பவுடர் டப்பாக்களும் போர்வைகளும் இருந்தன. நேரே ரத்த வங்கிக்குள் வந்தார்.

"குழந்தைங்க எங்க?"

ஷாகுல் வேதநாயகியைப் பார்த்தான்.

"வாங்க மேடம், காட்டுறேன்," என்றாள் வேதநாயகி.

முகாமில் சாப்பாட்டு நேரம். சுவரிலிருந்து இறங்கியவர்கள் நிழல் கிடைத்த இடத்தில் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள். வேதநாயகி எதையும் மறைக்காமல் முதலிலிருந்து சொன்னாள். எஸ்தர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

"இது எவ்வளவு பெரிய மோசடின்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். பதிவை அழிச்சிடுங்க. ஆனா இங்க இருக்கிறவங்களை ஒண்ணும் பண்ணாதீங்க. கம்ப்யூட்டர்ல தட்டினது நான் சொல்லித்தான்."

எஸ்தர் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. "பிறப்பை அழிக்க முடியாதும்மா. யாரும் பிள்ளைங்களைக் காணாம பண்ணிடக் கூடாதுன்னு சட்டம் அப்படித்தான் போட்டிருக்கு. ஒரு குழந்தை பேர் பட்டியல்லேர்ந்து போகணும்னா ஒரே வழி, செத்துப் போச்சுன்னு எழுதணும்."

"எழுதிடுங்க."

"இருநூத்திப் பதினாலு குழந்தைங்களா? ஒரே மாவட்டத்துல? ஒரே வாரத்துலயா?"

அவர் தள்ளிப் போய், மண் மேட்டில் நின்று போன் பேசினார். முக்கால் மணி நேரம் பேசினார். முதலில் அவர் கத்தினார்; பிறகு அந்தப் பக்கம் கத்தியது; பிறகு அவர் 'சரிங்க சார், சரிங்க சார்' என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குழந்தைங்க எல்லாரும் நலமா இருக்காங்கன்னு நான் நேர்ல பார்த்து எழுதணுமாம்," என்றார்.

வேதநாயகிக்கு முதலில் விளங்கவில்லை.

"குழந்தை சாவுக் கணக்கு ஏறினா ஆட்சியே ஆடும். யாரும் சாகலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அவ்வளவுதான்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் கணினியைத் திறந்தார். "ஆனா உங்களைச் சும்மா விட மாட்டாங்க. அந்தத் தம்பியையும்."

"தெரியும் மேடம்."

அது அப்படியேதான் நடந்தது. ஒரு வாரத்தில் வேதநாயகிக்கும் ஷாகுலுக்கும் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. ஷாகுலின் வீட்டுக்குப் போய் அவன் தாயின் முகத்தைப் பார்க்க வேதநாயகிக்குப் பல நாள் தைரியம் வரவில்லை. சான்றிதழ் குழு வந்த வழியே திரும்பிப் போனது. மூன்று வருஷக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது. ஆனால் அட்டையைப் பார்த்து மாத்திரை போடும் இயந்திரங்களை மாநிலம் முழுக்க நிறுத்திவைத்தார்கள். இனி விரலைக் குத்திப் பார்த்தே மாத்திரை கொடுக்க, வாசலுக்கு ஒரு பெட்டி பட்டை வைக்கச் சொல்லி டாக்டர் மதுசூதனன் சுற்றறிக்கை அனுப்பினார். அதில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. எஸ்தர் வந்த அந்தப் புதன்கிழமைதான் நித்திலாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சிறுநீரகம் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது, இனிமேல் கல் சுமக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஓவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். எஸ்தரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இவதான் மேடம் முதல் குழந்தை," என்றாள் வேதநாயகி.

எஸ்தர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கணினியைப் பார்த்தார். "தாய் மகிழினி. உயிரோட இருக்காங்களா?"

நித்திலா ஓவியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது அந்தப் பிள்ளையா?" ஓவியாவைக் காட்டிக் கேட்டார். "இவளுக்கும் தாய் மகிழினிதான். அப்ப இவதான் உனக்கு அக்கா. வீட்டுல ஒரு சொந்தம் பதிவுல இருக்கு. பிள்ளைய யாரும் ஹோமுக்குத் தூக்க முடியாது."

ஓவியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"எத்தனை நாளைக்கு மேடம் இது நிக்கும்?" என்று கேட்டாள் வேதநாயகி.

"தெரியாது. என்னிக்காவது ஒருத்தன் ஒழுங்கா பார்ப்பான். அதுவரைக்கும் நிக்கும்." எஸ்தர் நித்திலாவின் பக்கம் திரும்பினார். "எடை எவ்வளவு?"

"நாப்பத்தோரு கிலோ."

எஸ்தர் தட்டினார். இயந்திரம் ஏற்க மறுத்துக் கீச்சிட்டது. நான்கு புள்ளி ஒன்று என்று மாற்றித் தட்டினார். ஏற்றுக்கொண்டது.

"பேர் வைக்கணும். பேர் இல்லாம பதிவு முடியாது. குழந்தைக்கு என்ன பேர்?"

நித்திலா வேதநாயகியைப் பார்த்தாள்.  வேதநாயகி சொல்லப் போனாள். எஸ்தர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நித்திலா," என்றாள் அவள்.

"எந்த 'லா'?"

அவள் விழித்தாள். தன் பெயரை எழுதிக் காட்டச் சொல்லி யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. குனிந்து, மண்ணில் விரலால் எழுதினாள். எஸ்தர் எட்டிப் பார்த்துத் தட்டினார்.

சாப்பாட்டு வாளியை மூடிவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. நாற்காலிக்கு முன்னால் அதுவாகவே ஒரு வரிசை உண்டானது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்த குழந்தை," என்றார் எஸ்தர், தலையை நிமிர்த்தாமல்.

மீசையெல்லாம் சிமெண்டுத் தூசி படிந்த ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.